கடைசி வரிசைக்கு எட்டும் சொல்



நம் சபையின் வாலிபர்கள் தரும் ஜெபக் குறிப்புகளில் அண்மைக்காலமாக ஒன்று அடிக்கடி இடம்பெறுகிறது. "ஐயா, மீட்டிங்கில் எழுந்து பேசப் பயமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர்ப் பகுதி ஆலைகளிலும் பொறியாளராக, மேற்பார்வையாளராக, தரக்கட்டுப்பாட்டு அலுவலராகப் பணிபுரிவோர் இவர்கள். தொழிலில் குறையற்றவர்கள். ஆனால் மேலதிகாரிகள் முன்னிலையில் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பிரசன்டேஷன் செய்ய வேண்டுமென்றால் முந்தின இரவு உறங்குவதில்லை. பதவி உயர்வு அதைச் சார்ந்திருக்கிறது என்பதால் சிலர் பணம் கட்டி, ஞாயிறு பிற்பகலில் சென்னைக்குச் சென்று பேச்சுப் பயிற்சி பெறுகிறார்கள். அதை நான் குறைத்து மதிப்பிடேன். அச்சம் மெய்யானது, அதற்காக ஜெபித்தும் வருகிறேன்.

இவர்களே நாள்தோறும் வேறொரு பேச்சும் பேசுகிறார்கள். ஷிஃப்ட் தொடங்குமுன் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி, அன்றைய வேலையில் உள்ள ஆபத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லும் பேச்சு அது. 'டூல்பாக்ஸ் டாக்' என்பார்கள். உருக்கு உலையின் அருகே, கிரேனின் கீழே, பிரஸ் இயந்திரத்தின் முன்னே நிற்கப்போகிறவர்களிடம் பேசும் அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒருவரும் இதுவரை என்னிடம் ஜெபக் குறிப்பு தந்ததில்லை. இவ்விரண்டில் எது பெரிய மேடை என்ற கேள்வி என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்துவருகிறது. அதற்கு விடைதேடித் தமிழில் மேடைப்பேச்சு உருவான வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இவ்வாரத் தியானம்.

தமிழருக்கு அவையும் பேச்சும் புதியன அல்ல. புலவர் தம் நூலை அரங்கேற்றினர். கோயில் மண்டபங்களில் புராண விரிவுரைகள் நடந்தன. கூத்தும் காலட்சேபமும் இரவு முழுவதும் ஊரை விழித்திருக்கச் செய்தன. அரசாணையைத் தண்டோராக்காரர் தெருத்தெருவாக அறிவித்தார். ஆனால் முன்பின் அறியாத பலதரப்பட்ட மக்களை ஒரே அவையாகக் கருதி, ஒருவர் எழுந்து நின்று, உரைநடையில், கேட்போர் எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வாரந்தோறும் பேசுவது என்பது பிற்காலத்தில் வேரூன்றிய வழக்கம். அதன் வேர்களில் முக்கியமான ஒன்று சீர்திருத்தச் சபைகளின் பிரசங்கத்தில் இருக்கிறது என்று, தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். இதைக் கேட்டு நாம் பெருமை கொள்ளலாம். அப்பெருமையில் கலந்துள்ள சிறுமையையும் பின்னர் காண்போம்.

முதலில் நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓரிடம். கும்மிடிப்பூண்டிக்குத் தொலைவில் இல்லாத பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே 1632 முதல் 1642 வரை குருவாக ஊழியம் செய்தவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். பத்தாண்டுகள் பிரசங்கித்தவரின் ஒரு பிரசங்கத்தையேனும் இன்று நினைவுகூர்வார் இல்லை. ஆனால் பத்மநாபன் என்னும் பிராமணரோடு அமர்ந்து அவர் கேட்டறிந்தவை நூலாயின. அவர் மறைந்தபின் 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்த அந்நூல்தான் தென்னிந்தியரின் சமய வாழ்வை ஐரோப்பாவுக்கு விரிவாக அறிவித்த தொடக்ககால நூல்களுள் ஒன்று. பேசுவதற்கென்று அனுப்பப்பட்டவர், கேட்டதனால் நிலைத்துநிற்கிறார்.

அடுத்தவர் நாம் அனைவரும் அறிந்த சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அவருக்கு இருபத்துநான்கு வயதும் நிரம்பவில்லை. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வயதான ஓர் உபாத்தியாயரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். இந்தக் கதையை ஞாயிறு பள்ளியிலேயே நாம் கேட்டிருக்கிறோம். அதற்குப் பின் அவர் கைக்கொண்ட முறையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச்சுக்கலையில் தேற விரும்புவோருக்கு மிகவும் பயன்படுவது அதுவே.

தம் கடிதங்களில் அவரே அதை விவரித்திருக்கிறார். நாள்தோறும் பல மணிநேரம் தமிழ் ஏடுகளைப் படித்தார். புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டார். கண் சோர்ந்தபோது பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேச்சிலும் எழுத்திலும் தாம் பின்பற்றத் தக்க நடையை உடைய நூல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மீண்டும் மீண்டும் காதால் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கியவர் புலவரிடம் சென்றார்; அங்கிருந்து தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் உரையாடச் சென்றார். 1708இல் அவர் தொகுத்த தமிழ் ஏடுகளின் பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. 1707 ஆகஸ்ட் 14 அன்று, வந்து பதின்மூன்று மாதங்களில், தரங்கம்பாடி எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது தமிழிலும் பிரசங்கம் ஒலித்தது. அந்தத் தமிழ் எத்தனை தடுமாற்றமுடையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். ழகரமும் ளகரமும் அந்த ஜெர்மானிய நாவுக்கு எளிதில் வசப்பட்டிருக்க முடியாது. ஆயினும் அவர் பேசினார். 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். அயலார் தட்டுத்தடுமாறிப் பேசிய பேச்சு, இருபத்தேழு ஆண்டுகளில் மண்ணின் மைந்தர் பேசும் பேச்சாயிற்று.

முன்பு குறிப்பிட்ட சிறுமைக்கு வருகிறேன். எல்லாருக்கும் பேசிய அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து அமர்ந்து கேட்கவில்லை. ஆலயத்துக்குள்ளேயே சாதிப்படி இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் நற்செய்தியைத் தமிழ்ப் பண்ணிலும் குறவஞ்சி வடிவிலும் பாடி ஆயிரக்கணக்கானோரின் உள்ளத்தில் பதித்தவர். அவருடைய பாடல்களின்றி நம் ஆராதனை இல்லை. அவரே, 1820களில் இளைய மிஷனரிமார் ஆலயத்தில் சாதிப் பிரிவினை கூடாது என்று முனைந்தபோது, பழைய வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். சொல் எல்லாருக்கும் என்றும், பாய் சிலருக்கு மட்டும் என்றும் நம் முன்னோர் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். இதை மறைத்துவிட்டு நம் சபை வரலாற்றைச் சொல்லுதல் தகாது.

இனி யாழ்ப்பாணம். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் அங்கே பள்ளி நடத்தினார். அப்பள்ளியில் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது தமிழ்த் துணையாக இருந்தவர் நல்லூர் ஆறுமுகம் பிள்ளை. அவர் சைவத்திலிருந்து சிறிதும் அசையவில்லை. ஆனால் பிரசங்கத்தின் வலிமையை உடனிருந்து கண்டுகொண்டார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிதோறும் நடந்தது. நூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது, அதன் பொருளை விரிப்பது, கேட்போரின் நடைமுறை வாழ்வுக்குப் பொருத்திக் காட்டுவது என்ற அந்த அமைப்பு நம் ஆலயங்களில் நாம் அறிந்த அமைப்பேயாகும். கொல்லாமை, கள்ளுண்ணாமை, ஈகை முதலியவற்றைப் பேசினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய பேச்சைக் கேட்டு 'நாவலர்' என்ற பட்டத்தை வழங்கியது. ஆறுமுக நாவலர் கிறிஸ்தவ மிஷனரிமாரை வன்மையாக எதிர்த்தவர் என்பதால் நம்மவர் அவரைப் பேசத் தயங்குவதுண்டு. எனக்கு அத்தயக்கம் இல்லை. எதிர்த்தவர்களிடமிருந்தே கருவியைக் கற்று, அவர்களினும் சிறந்த தமிழில் அதைக் கையாண்ட மனிதரை மதியாதிருக்க முடியவில்லை. அவருடைய அவையிலும் சாதி வேலி இருந்தது. அதில் அவருக்கும் நம் முன்னோருக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

மேடை மேலும் நகர்ந்தது. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பெருங்கூட்டங்களில் தமிழில் பேசினார்கள். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். படித்தவர்கள் ஆங்கிலத்தில் பேசித் தமக்குள் கைதட்டிக்கொண்ட காலத்தில், ஆலைத் தொழிலாளியை நோக்கித் தமிழில் திரும்பிய பேச்சுக்கு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அவர்களுக்கு விதிக்கப்பட்ட கடுந்தண்டனையே சான்று.

திருவள்ளூரிலிருந்து சென்னை செல்லும் மின்ரயில் பெரம்பூரைக் கடந்து செல்கிறது. நம்மில் பலர் அன்றாடம் காணும் நிலையம். அப்பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பெரும் பஞ்சாலைகள் இருந்தன. ஆலைத் தொழிலாளர் மாலை வேளைகளில் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடும் சபை ஒன்றும் அங்கே இருந்தது. வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்பது அதன் பெயர். அதில் ஈடுபட்டிருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளைச் செவிமடுத்தனர். உணவு இடைவேளை போதவில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. சமய உரை கேட்க வந்தவர்களின் கண்ணீரை அவ்வுரையை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டார்கள்; அதிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதனைக் குறிப்பிடுவர்.

அதன் தலைவர் பி.பி.வாடியா பார்சி இனத்தவர்; தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.கலியாணசுந்தரனார் தமிழில் தொழிலாளருக்கு எடுத்துரைத்தார். திரு.வி.க. யார்? இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றவர். பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, 1917இல் 'தேசபக்தன்' இதழாசிரியராகும் பொருட்டு அப்பணியைத் துறந்தவர். அவருக்குத் தமிழ் புகட்டிய ஆசான் யாழ்ப்பாணத்து நா.கதிரைவேற்பிள்ளை, நாவலர் மரபில் வந்தவர். இந்தத் தொடர்பைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பிரசங்கத்தைக் கண்டவர் கோயிலில் பேசினார். அம்மரபில் வந்தவர் சென்னை வெஸ்லி பள்ளியில் கற்பித்தார். அவரிடம் கற்றவர் பெரம்பூரில் பஞ்சாலைத் தொழிலாளர் முன் நின்றார். நம் பிரசங்க பீடத்தின் மொழி சைவ மண்டபத்தின் வழியாக ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கர்த்தர் எவ்வழியாகவெல்லாம் தம் காரியத்தை நடப்பிக்கிறார் என்று வியக்கிறேன்.

ஆனால் பெரம்பூரின் கதையும் நிறைவான கதை அன்று. 1921இல் நடந்த நெடிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர், மற்றவர் மறுத்தனர், புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. தமிழகம் கண்ட மிக இனிய நாவுகளுள் ஒன்று அந்த மேடையில் இருந்தது. இருந்தும் கடைசி வரிசையில் நின்றவர்களின் பசியையும் அச்சத்தையும் அம்மேடை போதிய அளவு கேட்கவில்லை என்றே கருதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் உண்டு, அறிவேன்.

பிற்காலத்து அடுக்குமொழி மேடைத்தமிழைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அதன் முதல்வர்கள் மாபெரும் கலைஞர்கள். அவர்களைப் பின்பற்றும் பிரசங்கிமார் சிலரிடம் மோனை மிஞ்சுகிறது, பொருள் தங்குவதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வரிசையில் நிற்பவர் யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய இடங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர் அதில் கணிசமானோர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று 108ஆம் பிரிவில் விதித்தது. நல்ல விதி. ஆனால் சிறுபான்மையோர்? நாற்பது பேர் நிற்கும் வரிசையில் ஒடியா மட்டும் அறிந்த ஆறு பேர் கடைசியில் நிற்கிறார்கள். நம் தம்பி தமிழில், ஆங்கிலச் சொற்கள் கலந்து, விரைவாகப் பேசி முடிக்கிறார். "புரிந்ததா?" என்கிறார். நாற்பது தலைகளும் அசைகின்றன. பதிவேட்டில் கையொப்பம் வாங்கப்படுகிறது. அந்த ஆறு பேரில் ஒருவர் கையை எங்கே வைக்கலாகாது என்பதை அறியாமலே இயந்திரத்துக்குச் செல்கிறார்.

நெகேமியா 8ஆம் அதிகாரத்தை இவ்வாரம் வாசித்துப் பாருங்கள். எஸ்றா மரத்தால் செய்த மேடையில் ஏறி நிற்கிறார். அதை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். லேவியர் ஜனங்களுக்கு நடுவே நின்று, வாசிக்கப்பட்டதன் பொருளை அவர்களுக்கு விளங்கவைத்ததையும் அதே அதிகாரம் சொல்லுகிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களுள் பலருக்கு எபிரெயம் அந்நியமாகியிருக்கக்கூடும் என்பர் வேத அறிஞர். மேடையில் ஒருவர், கூட்டத்துக்குள்ளே பலர். மோசேக்கு ஆரோன், வாடியாவுக்குத் திரு.வி.க. ஆதலால், இரு மொழியும் அறிந்த தொழிலாளி ஒருவரை அருகில் அழைத்து நிறுத்தி, தம் சொல்லை அவர் வாயால் சொல்லச் செய்வதில் எந்தப் பொறியாளருக்கும் இழிவு இல்லை. "புரிந்ததா?" என்று கேட்பதற்குப் பதிலாகக் கடைசி வரிசையில் நிற்பவரை முன்னே அழைத்து, கேட்டதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ருக்கோ, ஹட்டோ, கரம் என்று பத்துச் சொற்களையாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தவறினால் அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தேநீர் வேளையில் அவர்களோடு அமர்ந்து, அவர்கள் தமக்குள் அந்த இயந்திரத்தை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். சீகன்பால்கு மணலில் அமர்ந்தது இதற்காகத்தான்.

பரிசுத்த அகுஸ்தீன் மனந்திரும்புமுன் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியர். பேரரசின் சிறந்த நாவன்மைப் பதவிகளுள் ஒன்று அது. அவர் முதுமையில், பிரசங்கிகளுக்காக எழுதிய நூலில் ஒரு சிறிய எடுத்துக்காட்டைத் தருகிறார். இலத்தீனில் 'எலும்பு' என்பதற்கும் 'வாய்' என்பதற்கும் உரிய சொற்கள் எழுத்தில் ஒன்றே. ஒலியின் குறில் நெடிலால் மட்டும் வேறுபடும். ஆப்பிரிக்க மக்களின் செவி அவ்வேற்றுமையை உணராது. ஆகவே இலக்கணப்படி பிழையானதாயினும் பாமரர் வழங்கும் சொல்லையே போதகர் ஏன் சொல்லக்கூடாது என்று கேட்கிறார். இலக்கணம் அறியாதவர் கேட்ட கேள்வி அன்று; பேரரசுக்கே அதைக் கற்பித்தவர் கேட்டது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் பிசகிவிடுமோ என்று உறங்காதிருக்கும் என் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இதை நான் அன்போடு நினைவூட்டுகிறேன். பவுலும் கொரிந்து சபைக்கு எழுதும்போது, விளங்காத மொழியில் பல்லாயிரம் சொற்களைக் காட்டிலும் விளங்கும்படி சொல்லும் ஐந்து சொற்களையே விரும்புகிறார் (1 கொரிந்தியர் 14:19). மேலதிகாரிகளின் அறையிலும் அந்த ஐந்து சொற்கள் செல்லுபடியாகும். இயந்திரத்தின் அருகில் நிற்பவரின் மொழியைக் கேட்டுப் பழகியவருக்கு அங்கே சொல்லவேண்டிய பொருள் தானே கையில் இருக்கும்.

ஒரு சிறு ஏற்பாடு. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் வாலிபர்கள் வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலயத்துக்கு வாருங்கள். மைக் அணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் பீடத்திலிருந்து வாசிக்க, மற்றவர் வாசல் அருகிலுள்ள கடைசி பெஞ்சில் வேதாகமத்தைத் திறவாமல் அமர்ந்து, கேட்டதைத் தம் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். நம் ஆலயத்துக்கு அண்மையில் வரத்தொடங்கியுள்ள ஒடிசா சகோதரர் இருவரையும் அழைத்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் முதலில் அவர்கள் அமர்வார்கள்.